தாதியப் பயிற்சிக்கு முந்திய விஞ்ஞானம்: காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடியது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாதியாக வர விரும்பும் பிள்ளைக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் கொடுப்பனவோடு மூன்றாண்டு பயின்று தாதிய உத்தியோகத்தராக வைத்தியசாலையில் சேரலாம். அல்லது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு படித்துத் தாதியியல் பட்டம் பெறலாம். இரண்டுக்கும் திறவுகோல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களின் பெறுபேறுதான். பெறுபேறு வந்த பிறகு வீட்டில் பேச்செல்லாம் வெட்டுப்புள்ளி, விண்ணப்பத் திகதி, நேர்முகத் தேர்வு என்பவற்றைச் சுற்றியே நடக்கிறது. உயிரியலும் இரசாயனவியலும் முடிந்த கதையாகிவிடுகின்றன. கொப்பிகள் தம்பி தங்கையின் மேசைக்குப் போய்விடுகின்றன. பிறகு பயிற்சி தொடங்கியதும் உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும்போது, விஞ்ஞானத்தில் சித்தியடைந்த பிள்ளையே திணறிப் போகிறது. உயர்தரச் சித்தி தாதியப் படிப்புக்கு அனுமதியைத் தருகிறது, ஆயத்தத்தைத் தருவதில்லை என்பதே என் வாதம். அந்த ஆயத்தத்தை இடையிலுள்ள காத்திருப்புக் காலத்தில், பொதுச் செலவில், ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். புதிதாக மேலும் விஞ்ஞானம் புகட்டுவதைவிட, படித்ததை நோயாளியின் பக்கம் திருப்பிக் காட்டுவதே அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

உயர்தர விஞ்ஞானம் எளிதான படிப்பு என்று எவரும் சொல்ல முடியாது. ஐம்பது பல்தேர்வு வினாக்கள், அமைப்புக் கட்டுரை, கட்டுரை என்று அந்த வினாத்தாள்கள் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கின்றன. குடாநாட்டின் ரியூட்டரிகள் காலை ஐந்தரைக்கே விளக்கேற்றுவதும் அதனால்தான். ஆனால் அந்தப் பரீட்சையின் நோக்கம் தரப்படுத்துவது. 40 வீதம் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் பல்கலைக்கழக இடங்கள் பங்கிடப்படும் நாட்டில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இசட் புள்ளியின் தசம தானங்களில் பிரித்தெடுக்கும் கடமை அந்த வினாத்தாளின் தலையில் விழுந்திருக்கிறது. பிரிப்பதற்கு உதவும் வினா வேறு, நோயாளியின் கட்டிலருகே உதவும் அறிவு வேறு. செய்முறைக்கென்று தனிப் பரீட்சை இல்லாததால் நுணுக்குக்காட்டியைத் தொடாமலே உயிரியலில் உயர்ந்த பெறுபேறு எடுக்கலாம். அளவுச் சாடியில் ஒரு கரைசலையும் தயாரிக்காமலே இரசாயனவியலில் சித்தியடையலாம். இதை ஆசிரியர்களின் குறையாகச் சொல்வது நியாயமன்று. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பறையும் கொடுக்கிறது.

வைத்தியசாலையில் நாம் எல்லோரும் கண்டிருக்கும் சேலைன் போத்தலையே எடுத்துக்கொள்வோம். அதில் 0.9 வீத சோடியம் குளோரைட்டு என்று எழுதியிருக்கும். ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. மூலர்த் திணிவு 58.5 என்று கொண்டு வகுத்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 0.154 மூல். இந்தக் கணக்கை உயர்தர இரசாயனவியல் மாணவி அரை நிமிடத்தில் செய்துவிடுவாள். பிரசாரணம் என்றால் என்ன என்று உயிரியலிலும் அவள் எழுதியிருப்பாள். ஆனால் நாளத்துக்குள் ஏன் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஏற்றக்கூடாது, ஏற்றினால் செங்குருதிக்கலங்களுக்கு என்ன நடக்கும், உப்பு ஏன் சரியாக அந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், இரண்டு பாடங்களையும் ஒரே போத்தலுக்குள் கொண்டுவரப் பழக்கம் வேண்டும். கலத்துக்கு வெளியே செறிவு குறைந்தால் நீர் உள்ளே புகுந்து கலம் வெடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கலம் இந்த நோயாளியின் குருதியில் இருக்கிறது என்பதுதான் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. அடுத்தது கணக்கு. 500 மில்லிலீற்றர் சேலைனை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றும்படி வைத்தியர் எழுதியிருக்கிறார். குழாய்த் தொகுதி ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடுகிறது. மொத்தம் 10,000 துளி, 240 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. ஏழாம் எட்டாம் தரத்துக் கணிதம்தான் இது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பிழையில்லாமல் போட வேண்டிய கணிதம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்த பிள்ளை கணிதத்தை ஒரு பாடமாகக் கடைசியாகப் படித்தது சாதாரண தரத்தில். பயிற்சி தொடங்கும் நாளில் அந்தக் கைப்பழக்கம் துருப்பிடித்திருப்பதில் வியப்பில்லை.

இன்னோர் உதாரணம் குடாநாட்டுக்கு நன்கு பழக்கமானது. மாரி மழை விட்டதும் டெங்குக் காய்ச்சல் கூடும். வைத்தியசாலை விடுதிகள் நிரம்பும். உறவினர்கள் எல்லோரும் கேட்பது பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு என்றுதான். ஆனால் டெங்குவில் ஆளைக் கொண்டுபோகும் முக்கிய ஆபத்து குருதிக் கலன்களிலிருந்து நீர்மம் வெளியே கசிவது. காய்ச்சல் விடும் கட்டத்தில், நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் நிம்மதியடையும் நேரத்தில், 24 முதல் 48 மணித்தியாலம் வரை அந்தக் கசிவு நடக்கலாம். அப்போது தாதி அளக்கும் குருதியமுக்கம் 100/80 என்று இருக்கிறதென வைப்போம். மேல் எண் நூறு, பார்வைக்குப் பயமில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையில் இருபதுதான் இருக்கிறது. நீர்மம் குறையக் குறைய உடல் கலன்களைச் சுருக்கிக் கீழ் எண்ணை உயர்த்திப் பிடிக்கிறது. அதனால்தான் மேல் எண் இன்னும் விழாமல் நிற்கிறது. கூடவே குருதி தடித்து, அதில் செங்குருதிக்கலங்களின் பங்கைக் காட்டும் பீசீவீ அளவு வழமையைவிட ஐந்திலொரு பங்கு ஏறியிருந்தால், சிறுநீரும் குறைந்திருந்தால், இது உடனே வைத்தியரை அழைக்க வேண்டிய நேரம். மணிக்கு மணி அட்டவணையில் எண்களை எழுதும் கை எல்லாத் தாதியருக்கும் உண்டு. அந்த எண்களுக்கிடையில் நடப்பதைக் காணும் கண், இதயம், கலன், நீர்மம் ஆகிய மூன்றையும் ஒன்றாக விளங்கிக்கொண்டவருக்கே வாய்க்கும். இந்த விளக்கத்தின் விதைகள் எல்லாம் உயர்தரப் பாடத்திலேயே கிடக்கின்றன. அவற்றை முளைக்க வைக்கும் வேலையைத்தான் எவரும் எடுத்துச் செய்யவில்லை.

பிற நாடுகள் இந்த இடைவெளியை வெவ்வேறு விதமாக அடைத்திருக்கின்றன. அமெரிக்காவில் தாதியக் கல்லூரிகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்தோடு சேர்ந்த உடலமைப்பியலும் உடற்றொழிலியலும், நுண்ணுயிரியல், பல இடங்களில் இரசாயனவியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றை முன்கூட்டியே முடித்துவரச் சொல்கின்றன. அங்கே முன்தேவைப் பாடம் என்பது தாதியத் தொழிலுக்கு நெருக்கமாக வடிவமைக்கப்பட்ட பாடம். 2005 முதல் பதிவுபெற்ற தாதியாகப் பட்டம் கட்டாயமாக்கப்பட்ட கனடாவின் ஒன்ராறியோவில், பன்னிரண்டாம் தர உயிரியலும் இரசாயனவியலும் கேட்கிறார்கள். அவை இல்லாமல் பாடசாலையை முடித்தவர்களுக்கு அங்குள்ள கல்லூரிகள் சுகாதாரக் கற்கைகளுக்கான ஆயத்தக் கற்கைநெறியை நடத்துகின்றன. எங்கள் உறவினர் பலரின் பிள்ளைகள் அந்த வழியாகத் தாதியத்துக்குள் போயிருக்கிறார்கள். பிரித்தானியாவின் தாதியர் பேரவை 2018இல் வெளியிட்ட நியமங்களின்படி, மருந்துக் கணக்கிடல் அடங்கிய எண்கணித மதிப்பீட்டில் மாணவர் நூற்றுக்கு நூறு எடுத்தாக வேண்டும். தொண்ணூற்றொன்பது போதாது, ஏனென்றால் பிழையாகிப்போன அந்த ஒன்று ஒரு நோயாளி. இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் அந்த நாடுகளிலும் தாதிய மாணவர்கள் உயிரியல் விஞ்ஞானப் பாடங்களில் தடுமாறுவது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவரும் ஒரு பிரச்சினை. ஆகவே இது எங்கள் பிள்ளைகளின் மந்தமன்று. தாதியத்துக்கு வேண்டிய விஞ்ஞானம் பல துறைகளின் சந்தியில் நிற்கிறது. பாடசாலை விஞ்ஞானமோ தனித்தனித் தெருக்களாகப் பிரிந்திருக்கிறது.

தூர தேசங்களை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தின் சொந்தச் சரித்திரத்தைப் பார்த்தால் இன்னும் துல்லியமான பாடம் கிடைக்கிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்தார். அடுத்த ஆண்டே வட்டுக்கோட்டையில் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். பின்னர் அது மானிப்பாயில் நிலைபெற்றது. அவருடைய முதல் மாணவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் எல்லாவற்றையும் படிப்பித்து ஓர் ஆயத்த நிலத்தை உழுது வைத்திருந்தது. 1855இல் அது மூடப்பட்டது. கிறீன் தமிழில் வெளியிட்ட நூல்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1852இல் வந்த ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ கல்வின் கட்டர் என்பவர் கல்விக்கூடங்களுக்கும் குடும்பங்களுக்குமென்று எழுதிய ஆரம்ப நூலின் தமிழாக்கம். பிரசவ வைத்தியம் அதற்குப் பிறகு, 1857இல். இரணவைத்தியம் 1867இல். கிரேயின் பெரிய உடலமைப்பியல் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் வந்தது 1872இல்தான். இருபது வருட இடைவெளி. தேர்ந்த வைத்தியனுக்கான நூலைக் கையில் எடுக்கும் முன், உடல் எப்படி இயங்குகிறது, அதைச் சுகமாக வைத்திருப்பது எப்படி என்று சாதாரண வாசகனுக்கும் விளங்கும் நூல் முதலில் அச்சேறியது. 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயனவியல் நூலும் வெளியாயிற்று. வைத்தியம் படிப்பவனுக்கு இரசாயனம் எதற்கு என்று அன்றைய யாழ்ப்பாணம் ஒதுக்கிவிடவில்லை. தாதியப் பயிற்சியும் இதே மிஷன் வைத்தியசாலைகளின் வழியாகத்தான் குடாநாட்டில் வேரூன்றியது; பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென 1898இல் இணுவிலில் தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலை அதில் முக்கியமானது.

இப்படிப் படிப்படியான ஆயத்தம் மொழி விடயத்திலும் வேண்டும். இன்று குடாநாட்டுப் பிள்ளை உயர்தரத்தைத் தமிழில் எழுதுகிறது. தாதியப் பயிற்சியும் பட்டப்படிப்பும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பலர் இதை ஆங்கிலப் பிரச்சினை என்று மட்டும் பார்க்கிறார்கள். பெறுபேறு வந்ததும் பிள்ளையைப் பேச்சு ஆங்கில வகுப்புக்கு அனுப்புவது அதனால்தான். சந்தையில் சாமான் வாங்கவும் நேர்முகத் தேர்வில் தன்னை அறிமுகப்படுத்தவும் அந்த வகுப்பு உதவும். ஆனால் சிறுநீரகத்தி வடிகட்டுவதையும் மீள உறிஞ்சுவதையும் தமிழில் தெளிவாக விளக்கக்கூடிய பிள்ளைக்கு வேண்டியது, அதே விளக்கத்தை அதே படத்தின் மீது ஆங்கிலப் பதங்களோடு மறுபடி சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு. கருத்து ஏற்கெனவே கையில் இருப்பதால் சுமை பாதியாகிறது. இதைச் செய்யாமல் நேரே ஆங்கில விரிவுரைக்குள் தள்ளும்போது, பிள்ளை தனக்குத் தெரிந்ததையே தெரியாததாக நினைத்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. தெரிந்த அறிவு பயன்படாமல் வீணாவதைப் பார்க்க உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை.

காலம் இருக்கிறதா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் நாட்காட்டியைக் குழப்பிவிட்டன. குழப்பமில்லாத காலத்திலும்கூடப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, விண்ணப்பம் கோரப்பட்டு, பயிற்சி தொடங்குவதற்குள் மாதங்கள் பல கடந்துவிடும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் மூளை மிகக் கூர்மையாக இருக்கும் அந்தக் காலத்தில் படித்தது கரைந்துபோகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ ஒரு தனியார் கற்கைநெறிக்குப் போகும். வசதியில்லாத பிள்ளை கடையில் கணக்கெழுதப் போகும், அல்லது வீட்டு வேலையோடு நின்றுவிடும். இருவரும் ஒரே நாளில் ஒரே விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்தாலும் தொடங்கும் இடம் ஒன்றாக இருப்பதில்லை. இதனால்தான் தனிப்பட்ட முயற்சிக்கு இதை விட்டுவிடாமல் பொதுச் செலவில் செய்ய வேண்டும் என்கிறேன்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகவும் பரவலானது, தாதியம் ஒரு சேவை, அதற்கு இரக்கமும் பொறுமையும் கைத்திறனும்தான் வேண்டும், விஞ்ஞானத்தைக் கூட்டினால் மனிதத்தன்மை குறையும் என்பது. இரக்கமில்லாத தாதியத்தை எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன 100/80 நோயாளிக்கு இரக்கம் காட்டும் வழி, அந்த எண்களை விளங்கிக்கொள்வதுதான். தாதியரின் கல்விக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவரோடு சேர்ந்தவர்களும் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் வைத்தியசாலைத் தரவுகளைக் கொண்டு 2014இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு, பட்டம் பெற்ற தாதியரின் பங்கு பத்து வீதம் கூடினால், சத்திரசிகிச்சை நோயாளி வைத்தியசாலையில் சேர்ந்து முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு வீதம் குறைவதோடு அது தொடர்புபட்டிருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வு விஞ்ஞானப் பாடங்களைத் தனியாகப் பிரித்து அளக்கவில்லை. தொடர்பைக் காட்டியதே தவிரக் காரணத்தை நிறுவவுமில்லை. ஆனாலும் படிப்பு கூடினால் பராமரிப்பு கெடும் என்ற அச்சத்துக்கு அது இடம் வைக்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. ஏற்கெனவே உயர்தர விஞ்ஞானம் என்ற மதில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு மதிலைக் கட்டினால் பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளைதானே? இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அந்த முதல் மதிலே நியாயமான உயரத்தில் இல்லை. இலங்கையில் 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் உயர்தரம் வரை படிக்கலாம், ஆனால் கலை, வர்த்தகம் போன்ற பிரிவுகளில்தான். தீவகத்திலோ வடமராட்சி கிழக்கிலோ 1ஏபி பாடசாலை எட்டாத இடத்தில் உள்ள ஒரு பிள்ளை, பதினாறாவது வயதில் பட்டணத்துப் பாடசாலைக்கு இடம் பெற்று, போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் வழிசெய்தால்தான் தாதியத்தின் வாசலையே எட்டிப் பார்க்கலாம். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குக் கடல் கடந்து வரும் பிள்ளைக்கு அது சின்னக் காரியமா? ஆகவே நான் கேட்கும் ஆயத்தக் கற்கை தேர்வுக்கான வடிகட்டியாக இருக்கவே கூடாது. அதன் புள்ளி சேர்க்கையைத் தொடக்கூடாது. தேர்வானவர்களுக்கும் காத்திருப்பவர்களுக்கும் இலவசமாக இருக்க வேண்டும். அது சரிவர நடந்தால், ஒன்ராறியோவில் போல வேறு பிரிவில் படித்த பிள்ளைகளுக்கும் ஒரு நீண்ட வடிவத்தை ஏற்படுத்தி, தாதியத்துக்கு இன்னொரு வாசலைத் திறக்கும்படி அரசைக் கேட்கலாம். கலைப்பிரிவில் படித்த பிள்ளை விஞ்ஞானம் விளங்காத பிள்ளை என்று முடிவுகட்ட ஒரு நியாயமும் இல்லை. அதன் பாடசாலையில் அந்தப் பாடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு குடிபெயர்வைப் பற்றியது. 2022 நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையினர் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஆங்கிலப் பதங்களோடு விஞ்ஞானத்தைத் திடமாகக் கற்பித்தால் வெளிநாட்டு வைத்தியசாலைகளுக்கு ஆள் தயார்செய்வதாகாதா? இந்தக் கேள்வியும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் படித்த தன் மாணவர்கள் அரசாங்க வேலைக்கும் வெளியூருக்கும் போய்விடுவதைக் கண்ட கிறீன், 1862இல் விடுமுறையிலிருந்து திரும்பிய பின் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் கற்றவர்கள் கிராமங்களில் தங்கித் தொழில் செய்வார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. அந்தத் தீர்வை இன்று அப்படியே எடுக்க முடியாது. மருந்துப் பெயரும் நோயாளியின் பதிவும் வைத்தியரின் கட்டளையும் ஆங்கிலத்தில் இருக்கையில் தாதியை ஆங்கிலத்திலிருந்து மறைத்து வைப்பது நோயாளிக்கே ஆபத்து. போகிறவர் போவது சம்பளத்துக்காகவும் வேலைச்சுமைக்காகவும். அரைகுறையாகப் பயிற்றினால் அவர்கள் நின்றுவிடுவார்கள் என்று எண்ணுவது, நிற்கின்றவர்களிடம் அரைகுறைப் பராமரிப்பைப் பெறச் சம்மதிப்பதாகும். கிறீனிடமிருந்து எடுக்க வேண்டியது வேறு. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் விளங்கிய தாதிதான், புலோலியிலிருந்து வந்த கிழவிக்கு அவருடைய சலரோகத்தையும் ஊசி மருந்தையும் அவருக்கு விளங்கும்படி சொல்ல முடியும். வெறும் ஆங்கில மனப்பாடம் அங்கே வாய் திறக்காது.

கற்கை எப்படி இருக்கலாம் என்பதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பத்து, பன்னிரண்டு வார இறுதிகள் போதும். 1ஏபி பாடசாலைகளின் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற உயர்தர ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற தாதியப் போதனாசிரியர்களும் குடாநாடு முழுக்க இருக்கிறார்கள். இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்துவதுதான் இதில் புதிய விடயம்: பிரசாரணத்தை ஒருவர் விளக்க, சேலைன் போத்தலை மற்றவர் தூக்கிக் காட்ட வேண்டும். குருதி, சுவாசம், சிறுநீரகம், தொற்று ஆகிய நான்கையும் ஆழமாக எடுத்தால் மிச்சத்தைப் பிள்ளைகள் தாமாகப் பிடித்துக்கொள்வார்கள். தாவர உடலமைப்பையும் கைத்தொழில் இரசாயனத்தையும் இங்கே மீட்டத் தேவையில்லை. ஒவ்வொரு வகுப்பின் முதல் அரை மணித்தியாலம் கணக்குக்கு: மில்லிகிராமை மைக்கிரோகிராமாக்குதல், வீதத்தைக் கிராமாக்குதல், துளி எண்ணுதல், உடல் எடைக்கேற்ற அளவு. கணிகருவி இல்லாமல் எழுதி, பக்கத்துப் பிள்ளையின் விடையைத் திருத்தி, பிழைத்தவர் மறுவாரம் மறுபடி எழுத வேண்டும். முடிவில் சான்றிதழ் வேண்டுமென்றால் கொடுக்கலாம். அந்தக் கணக்குத் தாளில் மட்டும் ஒரு பிழையும் இல்லாதவரை கொடுக்கக்கூடாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுத இடம் விட வேண்டும்.